மாமன் தந்த நீல டிரம்

தண்ணீர் நிரம்பிய டிரம்மைத் தட்டினால் 'தொப்'பென்று சத்தம் உள்ளேயே செத்துப்போகும். காலி டிரம்தான் 'டொம்'மென்று கத்தும். மூடியைத் திறக்காமலே விரல் முட்டியால் தட்டி, எவ்வளவு தண்ணீர் மிச்சமிருக்கிறது என்று கலைமதி சொல்லிவிடுவாள். அதனால்தான் அன்று சாயங்காலம், காலையில் தளும்பத் தளும்ப அவளே நிரப்பிய டிரம்மை மகள் ரஞ்சனி தட்டி, அது 'டொம்' என்றபோது, அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

மூடியைத் தூக்கிப் பார்த்தாள். விளிம்புவரை தண்ணீர் இருந்தது.

மழை மூட்டத்தில் வீடு இருண்டு கிடந்தது. கரண்ட் போயிருந்தது. ஃபேன் நின்ற வீட்டுக்குள் ஒரகடம் ரோட்டில் போகும் கண்டெய்னர் லாரிகளின் உறுமலும், ஷிஃப்ட் பஸ்களின் ஹாரனும், புழுக்கத்தின் வாடையும், அதற்கெல்லாம் அடியில் டிரம்மிலிருந்து எழும் அழுகப்போகும் பலாச்சுளையில் நகப்பூச்சைக் கொட்டினதுபோல ஒரு இனிப்பு வாசனையும் வந்து தங்கியிருந்தன. பிளாஸ்டிக் என்றால் அப்படித்தான் என்று மூக்கு எப்போதோ சமாதானமாகிவிட்டது.

ரஞ்சனிக்கு நாலு வயது. எங்கேயும் ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். பால்வாடியில் மற்றப் பிள்ளைகளைக் கடித்தாள். சுவரில் மண்டையை மோதினாள். தூக்கம் அவளுக்குப் பகை. "போனக் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கம்மா நீ" என்றார் சந்திரலேகா டீச்சர். தாய் வளர்ப்பு சரியில்லை என்றது தெரு. கலைமதி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். இத்தனைக்கும் இவள் வயிற்றில் தங்கியபோது, கம்பெனி பெயிண்ட் ஷாப் நெடி பிள்ளைக்கு ஆகாது என்று வேலையை விட்டு வீட்டோடு இருந்தவள் அவள்.

டிரம்மும் அந்தச் சமயத்தில் வந்ததுதான். வல்லம் வடகால் கம்பெனி ஒன்றில் ஸ்கிராப் எடுக்கும் அண்ணன் வெங்கடேசன், வளையல் போட்ட அன்றைக்கு அதைக் கொண்டுவந்து இறக்கினான். முழுகாமல் இருக்கிற தங்கச்சி குடம் தூக்கக் கூடாதாம். ஊரே மெச்சியது.

ரஞ்சனி அடங்குகிற ஒரே இடம் அந்த டிரம்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காதை அதில் ஒட்டி, யாரோ கதை சொல்வதுபோல் நிற்பாள். இப்போதும் அப்படித்தான் நின்றாள்.

டொம்.

குழந்தையின் இரண்டு கையும் பின்னால்தான் இருந்தன.

கலைமதி பின்வாங்கினாள். இரண்டாவதைச் சுமக்கும் ஏழு மாத வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். வாசலில் பைக் சத்தம் கேட்டதும் போன உயிர் வந்தது. அண்ணன்தான். கொய்யாப்பழமும் மல்லிப்பூவுமாக உள்ளே வந்தான்.

"இன்னா, எம் மருமவ மேளம் கத்துக்கினு கீதா? கல்யாணத்துக்கு மேளக்காரன் செலவு மிச்சம்!"

சிரித்தபடி சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். தரையில் உட்கார்ந்தவன் வாங்கிப் பக்கத்தில் வைத்தான்.

"இப்பதாம்மா டீ குட்ச்சேன்."

எப்போதும் சொல்வதுதான். ரஞ்சனி திரும்பினாள். சொம்பை இரண்டு கையாலும் தூக்கி அவன் மடியில் ஏறினாள்.

"குடி மாமா."

அவன் முகத்தைத் திருப்பினான். அவள் விடவில்லை. தண்ணீர் அவன் உதட்டில் பட்டதுதான், ஓங்கித் தட்டிவிட்டான். சொம்பு சுவரில் மோதி உருண்டது. துப்பினான். சட்டையால் வாயைத் துடைத்தான். மறுபடி துடைத்தான். மறுபடியும்.

கலைமதி அந்தக் கையையே பார்த்தாள்.

"ண்ணா. எங்கூட்ல என்னிக்காச்சும் தண்ணி குட்ச்சிக்கிறியா நீ?"

"இன்னா பேச்சு இது?"

"அண்ணியும் அப்ப முழுவாமத்தான இருந்தாங்க. உங்கூட்ல ஏன் இந்த டிரம்மு இல்ல?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான். "டிரம்ம குட்க்க சொல்ல எனக்குத் தெரியாது கலை. சாமி சத்தியமா. சோப்பு போட்டு, புளி போட்டுக் கழுவித்தான் குட்த்தேன்."

"எப்ப தெரிஞ்சிது?"

அவன் ரஞ்சனியை மடியிலிருந்து இறக்கிவிட்டான்.

"எப்பண்ணா?"

"அப்பால… இதுல இருந்தது ஆவாத கெமிக்கல் மருந்து, வூட்டுக்குக் குட்க்கக்கூடாதுன்னு கம்பெனில சொன்னாங்க. இவ வயித்துல இருக்கச் சொல்ல." குரல் தேய்ந்தது. "தெரு பூரா இந்த டிரம்ம நான்தான குட்த்துக்கிறேன். வெளிய வந்தா எம் பொழப்பு இன்னா ஆவும்?"

"இப்பவும் முழுவாமத்தான கீறேன். வாரா வாரம் கொய்யாப்பழம் எட்த்துக்கினு வந்தியே. வாயத் தொறந்தியா?"

அவன் செருப்பைக்கூடப் போடவில்லை. பைக் கிளம்பி லாரிச் சத்தத்தில் கரைந்தது.

கலைமதி டிரம்மில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். சாய்ந்தது. தண்ணீர் வீடெல்லாம் ஓடி வாசல் தாண்டியது. வாசனை மூச்சை அடைத்தது. கடைசிச் சொட்டும் வடிந்தபின் நிமிர்த்தி நிறுத்தினாள். கை தானாகத் தட்டியது.

தொப்.

குனிந்து உள்ளே பார்த்தாள். ஒன்றுமில்லை. நீல இருட்டு.

தட்டினாள். தொப்.

நிறைந்த சத்தம்.

ரஞ்சனி அழவில்லை. டிரம்மைப் பார்க்கவுமில்லை. ஈரத் தரையில் மெதுவாக நடந்து வந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அம்மாவின் வயிற்றில் காதை ஒட்டினாள்.

"வேணாண்டி. தள்ளிப் போ."



குழந்தை சிரித்தாள். ஒரு கையை மட்டும் முன்னால் கொண்டுவந்தாள். விரலை மடக்கினாள். தட்டினாள்.

டொம்.

ஏழு மாத வயிறு. காலி டிரம்மின் சத்தம்.

ரஞ்சனி கையை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் காத்திருந்தாள்.

உள்ளேயிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.