இனி தேவையில்லாதவை

காலையில் நீக்க வேண்டியவற்றின் பட்டியலில் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன; இப்போது பதின்மூன்று. ஒரு மென்பொருள் பேக்கேஜைப் புதுப்பித்தால் இன்னொன்று முறுக்கிக்கொள்ள, அதைத் தாஜா செய்தால் மூன்றாவது படுத்துக்கொள்ள, ஆளில்லாத அலுவலகத்தில் ஏசியின் இரைச்சலையும் சூடேறிய தூசியின் வாடையையும் சகித்தபடி அந்த லினக்ஸ் சர்வரோடு மல்லுக்கட்டியதில் சிஸ்டம் அட்மினுக்குக் கண் பூத்துப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் போச்சு. ஒன்று கூடினால் கூடட்டும் என்று விட்டுவிட்டான்.

மனைவி வீடியோவில் அழைத்தாள். மடியில் மகள், நெற்றியில் ஈரத்துணி.

"காய்ச்சல் எறங்கவே மாட்டேங்குது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். எப்ப வருவீங்க?"

"தேவையில்லாததை எல்லாம் நீக்கிட்டா முடிஞ்சுது. அரை மணி நேரம்."

"அப்பா, வா," என்றது குழந்தை.

"இதோ வந்துட்டேன், மின்னு."

அழைப்பைத் துண்டிக்காமல் போனைத் தண்ணீர் பாட்டில்மேல் சாய்த்து வைத்தான். 'இந்த பேக்கேஜ்கள் இனி தேவையில்லை. நீக்கலாமா?' என்று கேட்டுக் காத்திருந்தது திரை. பட்டியலைப் படிக்காமலே 'ஆம்' தட்டுவது பதினைந்து வருஷப் பழக்கம். தட்டினான்.

வரிகள் மேலேறின. பன்னிரண்டும் போயின. பதின்மூன்றாவது வரி மட்டும் மெதுவாக வந்தது.

மின்னு, பதிப்பு 6.2. நீக்கப்படுகிறது.

மகளுக்கு ஆறு வயது, இரண்டு மாதம்.

விரல் நிறுத்தும் விசைக்கு ஓடியது. ஓடி, அதன்மேல் நின்றது. நடந்துகொண்டிருப்பதைப் பாதியில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் எல்லாம் உடைந்துபோகும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் அவனே தொண்டை கிழியச் சொன்னது. பாதி நீங்கிய மின்னு எப்படி இருப்பாள்? அதை யோசித்த நேரம்தான்.

நாற்பது சதவீதம். எழுபது.

நூறு.

ஏசி நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது?

"மின்னு எங்க?" குரல் அவனுடையதாகவே இல்லை.

"எந்த மின்னு?" போனில் மனைவி கொட்டாவி விட்டாள். "சீக்கிரம் வாங்க. தனியா உக்காந்து போரடிக்குது."

மடி காலி. புடவையில் ஈரத்துணி கிடந்தது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும், மடிக்கு ஒரு சாண் மேலே, வெறுங்காற்றை மெல்ல மெல்லத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.