கடைசிக் கட்டத்துக்கு வைத்த பீரங்கி

மின்சாரம் போனதால்தான் ராஜவேல் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

சைபர் கஃபேயின் பின்வரிசைக் கணினிகள் மூன்றும் ஒன்றாக அணைந்தன. வெளியே ஜூலை மழை. டெல்லி ஜனக்புரி முழுக்கச் சேறு. மெட்ரோவுக்காக எழுப்பிய தூண்கள் தலையில் எதுவும் இல்லாமல் நனைந்துகொண்டிருந்தன. கடைசி நாற்காலியிலிருந்து ஒரு பெண் குரல் இந்தியில் வந்தது.

"க்யா பையா, இன்வர்ட்டர் நஹீ ஹை?"

அதோடு மூச்சுக்குள் தமிழில், "வெளங்கிரும் கடை..."

"இன்வர்ட்டர் முன்வரிசைக்கு மட்டும்தான்," என்றான் ராஜவேல், தமிழிலேயே.

அவள் திரும்பினாள். வெள்ளைச் சீருடை, நனைந்த வெள்ளை ஷூ. அழகான கண்கள் என்று சொல்ல முடியாது, தூக்கம் போதாத கண்கள். ஆனால் ஒருவரைப் பார்த்தால், பார்த்து முடிக்கும்வரை அவை நகராது... மழைக்கால வெளிச்சத்தில் அவை அவன்மீது அப்படியே நின்றன.

"தமிழா? முதல்லயே சொல்லிருக்கலாம்லா?"

"நீங்க திட்டறதுக்கு முன்னாடியா?"

சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். "கேம்ல டிராகனைக் கொன்னு முடிக்கப் போறேன், கரண்ட் போயிட்டு. காலைல ஒரு வார்டு, மத்தியானம் ஒரு டிராகன். ரெண்டும் வீணாப் போச்சு."

"சேவ் பண்ணலையா?"

"சேவ் பண்ணிக்கிட்டே இருந்தா எப்ப வெளாடுறது?"

அவன் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை சேவ் செய்கிறவன்.

பெயர் பியூலா. பாளையங்கோட்டை. பக்கத்துத் தனியார் மருத்துவமனையில் நர்ஸ். விடுதி அறைத்தோழி மீனாக்ஷி, இரவுப் பணி என்பதால், பகலெல்லாம் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்குவாள். காலைப் பணி முடித்து வரும் பியூலாவுக்கு மத்தியானத்தில் போக இடம் கிடையாது. அதனால் இந்தக் கஃபே.

ராஜவேல் டெல்லியில் பிறந்தவன். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. பி.சி.ஏ.வைப் பாதியில் விட்டவன். அதிலிருந்து அரசு குமாஸ்தாவான அப்பா அவனிடம் பேசுவதில்லை. அம்மா வழியாகத்தான் பேச்சு. கஃபேயின் கல்லாவில் உட்காருகிறான், ரயில் டிக்கெட் அச்சடித்துத் தருகிறான், ஆளில்லாத நேரத்தில் விளையாடுகிறான்.

அவளுடைய ஆட்டத்தில் காடு, கோட்டை, வாள், மந்திர மருந்து. அவனுடையதில் துருப்பிடித்த விண்கலம், இரும்புச் சிலந்திகள், ஒளித் துப்பாக்கி. பக்கத்துப் பக்கத்து நாற்காலிகள்... இரண்டு உலகங்கள்.

"உங்க ஆள் துப்பாக்கியை வச்சுக்கிட்டு மூலையில ஒளியுதான். கோழை," என்றாள் ஒரு நாள்.

"குண்டு கம்மியா இருக்கு. மத்லப்... அதாவது, யோசிச்சுத்தான் சுடணும்."

"வாளுக்கு அந்தத் தொந்தரவே இல்ல. தீராது."

"ஆனா டிராகன் கிட்ட போகணுமே. நெருப்பு விடும்."

"கிட்ட போனாத்தானே அடிக்க முடியும்? தூரத்துல நின்னா அடி படாது, சரி. அடி படாம எதுக்கு வெளாடணும்?" திரையில் அவளுடைய பெண் வீராங்கனை ஒரு குப்பி மருந்தைக் குடித்து எழுந்து நின்றாள். "இந்த மருந்து மட்டும் எங்க வார்டுல இருந்தா, நான் வேலைக்கே போக வேண்டாம்."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை, பார்த்தான். அந்தச் சிரிப்பை எங்கேயாவது எடுத்துவைக்க வேண்டும் என்று தோன்றியது... எங்கே என்றுதான் தெரியவில்லை.

ஆகஸ்டுக்குள் 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது.

அவனுடைய ஆட்டத்தில் சூரியப் பீரங்கி என்று ஒன்று உண்டு. ஒரே ஒரு முறைதான் சுடும். ஆட்டம் முழுவதிலும் அதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது. ராஜவேல் அந்த ஆட்டத்தை இருமுறை முடித்திருக்கிறான். இரண்டு தடவையும் பீரங்கியைச் சுடவில்லை. கடைசிக் கட்டத்துக்கு என்று வைத்திருப்பான். கடைசி எதிரி வந்ததும், இதற்குப் பிறகு இன்னும் பெரிதாக ஒன்று வரலாம் என்று தோன்றும். வராது. ஆட்டம் முடிந்துவிடும்.

"லூசா நீ?" என்றாள் பியூலா, அதைக் கேட்டுவிட்டு. "நகர்ந்துக்கோ. சும்மா ஒரு தடவை சுட்டுப் பாக்கேன்."

"ஏய், வேணாம்..."

அவள் கை மவுஸுக்குப் போனது. அவன் கை அதன்மேல் விழுந்தது. அவளுடைய விரல்கள் மருத்துவமனைச் சோப்பு வாசத்தோடு குளிர்ந்திருந்தன. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்துக்கொண்டவன் அவன்தான்.

"ராஜவேல்..." என்றாள், திரையைப் பார்த்தபடியே. "எங்க அப்பா மாப்பிள்ளை பாத்திருக்காங்க. எங்க சர்ச் சபைக்காரங்கதான். மஸ்கட்ல வேலை. என்ன சொல்லட்டும்னு அப்பா கேக்காங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் என்ன சொல்ல?"

அந்தக் கண்கள் அவன்மீது வந்து நின்றன. நகரவில்லை.

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் சொல்லி..? கஃபே கல்லாவில் உட்காருகிற பையன். படிப்பை முடிக்காதவன். வேறு மதம். பேசாத அப்பா. முதலில் ஒரு வேலை கிடைக்கட்டும், கையில் ஏதாவது இருக்கட்டும், அப்புறம் முழுப் பலத்தோடு போய் நின்று சொல்லலாம்... இப்போதே சொல்லி வீணாக்கக் கூடாது.

"அச்சா... நல்ல வேலையா?" என்று கேட்டான்.

அவள் கண்களில் ஏதோ அணைந்தது. இந்த முறை மின்சாரம் போகவில்லை.

"நல்ல வேலைதான்," என்றாள். பையை எடுத்துக்கொண்டு போனாள். அவளுடைய ஆட்டம் திரையில் ஓடிக்கொண்டே இருந்தது. அதை ராஜவேல்தான் சேவ் செய்து மூடினான்.

அதன்பிறகு அவள் வரவில்லை.

விடுதி வாசல் வரை ஒரு தரம் போனான். உள்ளே போய் விசாரிக்கவில்லை. அதற்குப் பதிலாக வேலை தேடினான், வெறியோடு. நொய்டாவில் செல்போன் விளையாட்டுகள் செய்கிற சிறிய கம்பெனி ஒன்று, ஆட்டங்களில் பிழை கண்டுபிடிக்க அவனை எடுத்துக்கொண்டது. பட்டம் கேட்கவில்லை. அம்மா வழியாக அப்பா, "பரவால்ல" என்றார்.

மறுநாள் மத்தியானம் அவள் வந்தாள். மழைக்காலத்தின் கடைசி மழை. குடையை வாசலில் சாய்த்துவிட்டு, நேராகக் கல்லாவுக்கு வந்தாள். கையில் புது வளையல்கள்.

"ஒரு மெயில் பிரிண்ட் எடுக்கணும். மஸ்கட் விசா பேப்பர். நாளைக்கு ஊருக்கு ரயில். வர்ற வாரம் கல்யாணம்."

பிரிண்டர் ஓடி முடித்ததும் காகிதத்தை அவளிடம் நீட்டினான். பிறகு சொன்னான்: "எனக்கு வேலை கிடைச்சிருச்சு. நேத்துதான். உன்கிட்ட வந்து சொல்லலாம்னு..."

அவள் புரிந்துகொண்டாள். அவளுக்கு எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை.

"அதுக்காகவா பேசாம இருந்த? நான் வேலையையா கேட்டேன்?"

"இல்ல."

"ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ." காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். "மீனாக்ஷிக்கு ஜூலை கடைசியிலயே பகல் டூட்டி மாத்திட்டாங்க. மத்தியானம் எங்க ரூம் காலியாத்தான் கிடந்துச்சு. மெத்தை, ஃபேன், எல்லாம். படுத்தா நல்லாத் தூங்கலாம்."

மழை தகரக் கூரையில் இரைந்துகொண்டிருந்தது. ஆகஸ்டு முழுக்க அவள் தூக்கம் போதாத கண்களோடு அங்கே வந்து உட்கார்ந்திருந்தாள்...

"அந்தப் பீரங்கியைச் சுட்டியா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல."

"சுடு. பாத்துட்டுப் போறேன்."

அவன் ஆட்டத்தைத் திறந்தான். அருகில் பெரிய எதிரி யாரும் இல்லை. விண்கலத்தின் நடைபாதையில் ஒரே ஒரு இரும்புச் சிலந்தி, அதற்கும் ஒரு கால் உடைந்திருந்தது. அதைப் பார்த்துச் சுட்டான். திரை முழுக்க வெள்ளையானது. இருவர் முகத்திலும் அந்த வெளிச்சம் ஒன்றாக விழுந்தது. வெளிச்சம் வடிந்தபோது சிலந்தி இல்லை. நடைபாதை காலியாக இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் பியூலா மெதுவாக. "முன்னாடியே பாத்திருக்கலாம்."

"பியூலா... எனக்கு உன்னைப் பிடிக்கும். அன்னிக்கு கரண்ட் போச்சே, அப்பலேர்ந்து. நீன்னா எனக்கு உசிரு."

அவள் அழவில்லை. வார்டில் பழகிய முகம். குடையை எடுத்தாள். ஆனால் விரிக்கவில்லை.

"எனக்கும்தான்," என்றாள். "எனக்கும் அன்னிக்குத்தான்."

மெட்ரோ தூண்களுக்கு நடுவே, விரிக்காத குடையோடு, நனைந்துகொண்டே போனாள். தூண்களின் தலையில் இப்போது பாலம் ஏறியிருந்தது. அவள் அதனடியில் ஒதுங்கவில்லை.

திரையில் ஒரு பெட்டி காத்திருந்தது. சேவ் செய்யவா என்று கேட்டது. வேண்டாம் என்று சொன்னால் பழைய இடத்துக்குப் போகலாம். சிலந்தி நிற்கும். பீரங்கி மறுபடியும் நிறைந்திருக்கும்.

ராஜவேல் பழையதன் மேலேயே சேவ் செய்தான்.