மணலில் முளைத்த மீசை

அப்துல் சமத் வஞ்சிரத் துண்டை வாயில் போட்டார். ஒரு கடிதான். நறுக்கென்று சத்தம் கேட்டது.

ஜாஸ்மின் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. காது மட்டும் அந்தப் பக்கமே இருந்தது.

"மேரிம்மா, நான் மீனைத்தான் கேட்டேன். நீ பீச்சையும் சேத்து வறுத்துட்டியே," என்றார் சமத். அவர் ஆட்டோ ஓட்டுகிறவர். தினமும் வருவார்.

ஜாஸ்மினின் அம்மா லூர்துமேரி சிரித்தாள். அவருடைய ஆட்டோ போனதும் அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

பட்டினப்பாக்கம் கடற்கரையில் அம்மா வறுத்த மீன் விற்கிறாள். சாயங்காலம் கடற்காற்று எழுந்தால் போதும். மணல் பறந்து வந்து தோசைக்கல்லில் விழும். மசாலாவில் விழும். ஜாஸ்மின் நோட்டை உதறி உதறித்தான் கணக்குப் போடுவாள்.

"அடுத்த வெயில் காலத்துலயும் இப்டியே இருந்தா கடையை மூட வேண்டியதுதான்," என்றாள் அம்மா. "ஈக்காட்டுத்தாங்கல்ல கம்பெனி வேலைக்குக் கூப்புடுறாங்க. வர்றதுக்கு ராத்திரி ஆயிடும். அதுவரைக்கும் வீட்ல தனியா இருப்பியா?"

"இருப்பேம்மா," என்றாள் ஜாஸ்மின். போட்டு முடித்த கூட்டலையே மறுபடியும் போட்டாள்.

இரண்டு கடை தள்ளி ஃப்ளோரா அக்கா சோளம் சுட்டு விற்பாள். அவள் கடையில் மட்டும் மணல் விழுவதில்லை. ஏன்?

மறுநாள் ஜாஸ்மின் அந்தக் கடையின் எதிரே போய்ப் பார்த்தாள். அங்கே ராவணன் மீசை படர்ந்திருந்தது. ஊசி ஊசியாய் விறைத்து நிற்கும் காட்டுப் புல். அதன் தண்டு கயிறு போல மணலில் நீளமாக ஓடியது. கணுவுக்குக் கணு வேர் பிடித்திருந்தது. பறந்து வந்த மணல் அந்த ஊசிகளில் சிக்கி, அங்கேயே சின்ன மேடாகக் குவிந்திருந்தது.

அம்மா கடைக்கு எதிரேயும் முன்பு இந்தப் புல் இருந்தது. பந்தைக் குத்திக் கிழிக்கிறது என்று பக்கத்து வீட்டு ஜான்சனும் அவன் கூட்டாளிகளும் பிடுங்கிப் போகிக்குக் கொளுத்திவிட்டார்கள்.

ஃப்ளோரா அக்காவிடம் கேட்டு, ஜாஸ்மின் சில தண்டுகளை வெட்டி வந்தாள். ஜான்சன் இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்த்தான்.

"இன்னா, உங்க கடைக்கு மீசை வெக்கப் போறியா? தானா மொளைக்கிற முள்ளை யாராவது நடுவாங்களா?"

"கடைக்கு எதிர்ல மட்டுந்தான் நடுறேன். உன் கிரவுண்டுக்கு வராது."

"அப்டின்னா சரி. என் பங்குக்கு ரெண்டு மீசை." ஓரமாக இரண்டு தண்டுகளைச் செருகிவிட்டுப் பந்தின் பின்னால் ஓடிப் போனான்.

மறுநாள் காலை ஜாஸ்மின் வந்து பார்த்தால், அவள் நட்டதெல்லாம் மணலுக்குள் பாதி புதைந்து கிடந்தது. ஐயோ, மூச்சு முட்டுமே! அவள் ஒவ்வொன்றையும் சுற்றி மணலைத் தோண்டிவிட்டாள். சாயங்காலக் காற்று மறுபடியும் புதைத்தது. அவள் மறுபடியும் தோண்டினாள். தண்ணீர் ஊற்றினாள். போதுமா? அதிகமாகிவிட்டதா? பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதும் அதே நினைப்பு.

தண்டுகள் மஞ்சளாகின. பிறகு காய்ந்து சருகாகின.

நான் தொட்டால் எதுவுமே வராதோ என்று நினைத்தபடி திரும்பியபோது, காலில் சுருக்கென்று குத்தியது.

குனிந்தாள். மணலுக்கு மேலே பச்சையாக ஓர் ஊசி. பக்கத்தில் இன்னொன்று.

அது ஜான்சன் நட்ட இடம். நட்ட நாளுக்குப் பிறகு அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மெதுவாக மணலை விலக்கினாள். புதைந்திருந்த ஒவ்வொரு கணுவிலும் வெள்ளை வேர்கள். ஜாஸ்மின் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மணல் அந்தப் புல்லின் கழுத்தை நெரிக்கவில்லை. போர்வையாக மூடியிருக்கிறது. அவள்தான் தினமும் போர்வையை இழுத்து இழுத்து வேரைக் காயவைத்திருக்கிறாள்.

அவசரமாக மணலை மூடினாள். ஃப்ளோரா அக்காவிடம் மறுபடியும் தண்டுகள் வாங்கி, கணுக்கள் உள்ளே போகும்படி புதைத்தாள்.

அதற்குப் பிறகுதான் கஷ்டமான வேலை. சும்மா இருக்க வேண்டும். தினமும் காலையில் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணை மட்டும் தோண்டிப் பாக்கட்டுமா?" என்றாள் ஒருநாள்.

ஜான்சன் காலால் மணலில் ஒரு கோடு போட்டான். "கோட்டைத் தாண்டுனா நீ அவுட்டு."

மழை வந்தது. மூடிய மணலுக்குள்ளிருந்து ஊசிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. பொங்கலுக்குள் தண்டுகள் ஒன்றையொன்று தாண்டி ஓடின. கடைக்கு எதிரே குட்டி மேடு ஒன்று எழும்பியது.

மறுபடியும் வெயில் காலம். மறுபடியும் கடற்காற்று. அப்துல் சமத் வஞ்சிரத் துண்டை வாயில் போட்டார். ஜாஸ்மின் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் மென்றார். நிறுத்தினார். சந்தேகத்தோடு இன்னொரு கடி கடித்தார்.

"இன்னா மேரிம்மா, மீன் சத்தமே போடல?"

"இன்னொரு துண்டு வெக்கட்டா பாய்?"

"ரெண்டா வை."

அம்மா ஜாஸ்மினைப் பார்த்துச் சிரித்தாள். ஆட்டோ போன பிறகும் அந்தச் சிரிப்பு போகவில்லை.

ஜாஸ்மின் வழக்கம்போல நோட்டை எடுத்து உதறினாள்.

ஒன்றும் விழவில்லை.