அப்பா பிடித்த கம்பி

உலகத்தில் இதுவரை பேய் பிடித்த வீடு என்று ஒன்று இருந்ததே இல்லை. தப்பான ஆன்டெனா மாட்டிய வீடுகள்தான் இருந்திருக்கின்றன. மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் சின்னவன் இதைக் கல்லூரிப் பத்திரிகையில் எழுதினான், விடுதியில் பிரசங்கம் செய்தான், விடுமுறைக்கு வந்ததும் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அறிவித்தான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவைப்பதற்காகச் சொல்லவில்லை.

கூடத்தில் டிவி கட்டம் கட்டமாக உடைந்துகொண்டிருந்தது. செய்தி வாசிப்பவரின் வாய் ஒரு மூலையில், கழுத்துப்பட்டை இன்னொரு மூலையில். அம்மா பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர்கள் கைவிரித்த பிறகும் பிழைத்து வந்தவள். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள் முதல் டிவி இப்படித்தான். அன்று முதல் அப்பாவும் இப்படித்தான்: ஜன்னலோரம், குட்டி ஆன்டெனாவின் கம்பியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி.

படம் எப்படி உடைந்தாலும் நடுவில் சில கட்டங்கள் மட்டும் உடையாமல் நின்றன. பிரம்பு நிறத்தில். சின்னவன் அதைக் கவனித்தான். பெட்டிக்குள் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினான்.

“அப்பா, நீங்க குடும்பத் தலைவரா, கொடிக்கம்பமா?”

“நின்னா உனக்கென்னடா? வலிக்கிறது என் காலுதானே.”

“மனுஷ உடம்பு சிக்னலை மறைக்கும்ப்பா. நீங்க பிடிக்கப் பிடிக்கத்தான் படம் மோசமாகுது.”

“தெரியும்,” என்றார் அப்பா. கையை இறக்கவில்லை.

அறிவியலை இதற்கு மேல் அவமானப்படுத்த முடியாது என்று சின்னவனுக்குத் தோன்றியது. மறுநாளே கடைக்குப் போனான். அகலமான முக்கோண ஆன்டெனா எல்லா அலைவரிசையையும் பிடிக்கும், ஆனால் ஒளிபரப்புக் கோபுரம் பக்கத்தில் இருக்க வேண்டும். இங்கே கோபுரம் குன்றுக்கு அந்தப் பக்கம். ஆகவே மீன்முள் மாதிரி நீளமானதை வாங்கினான். ஒரே திசையில்தான் பார்க்கும், ஆனால் தூரம் பார்க்கும். கடைக்காரர் சிக்னலைக் கூட்டும் பூஸ்டரை நீட்டியபோது, “அது இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருசாக்கும், வேண்டாம்ணே” என்றான். எல்லாம் சரியாகவே செய்தான். அதுதான் பிறகு அவனை உறுத்தியது.

சாயங்காலம் அப்பா மருந்துக்கடைக்குக் கிளம்பும்போது டிவியின் சுவிட்சை அணைத்து, “வர்ற வரைக்கும் இதைத் தொடாதே” என்றார். சின்னவன் தலையாட்டிவிட்டு மாடி ஏறினான். மழை வரப்போகும் காற்றில் துரு வாசனையும் ஈரச் சிமெண்டு வாசனையும் கலந்து வீச, மீன்முள்ளைக் கோபுரத்தின் பக்கம் திருப்பி முடுக்கி, கேபிளை ஜன்னல் வழியாகக் கூடத்துக்கு இறக்கினான். கீழே வந்தான். டிவியைப் போட்டு, கேபிள் முனையைப் பெட்டிக்குள் செருகக் குனிந்தான். திரையில் சிக்னல் அளவு ஏற்கனவே முழுதாக இருந்தது. கேபிள் இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

படம் வந்தது. துல்லியமாக.

ஒரு கூடம். ஜன்னல். பிரம்பு நாற்காலியில் அம்மா. கேபிளோடு குனிந்த ஒருவனின் தலை.

“அட, நம்ம வீடு!” என்றாள் அம்மா, கையில் தண்ணீர் டம்ளரோடு.

யாரோ கேமரா வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தான். படத்தில் டம்ளர் அம்மாவின் கையிலிருந்து நழுவி உருண்டது. அவன் திரும்பிப் பார்த்தான். டம்ளர் அம்மாவின் கையில் இருந்தது.

பிறகு விழுந்தது. உருண்டது.

டிஜிட்டல் ஒளிபரப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும் என்று பாடத்தில் படித்திருந்தான். முந்தி வரும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

படத்தில், நாற்காலிக்குப் பின்னால், சுவர் கொஞ்சம் இருட்டியது. இருட்டு நிமிர்ந்தது. தோள் உயரம். தலை உயரம். மெலிந்த ஒரு கை நாற்காலியின் முதுகைப் பற்றியது. விரல்கள் அம்மாவின் தோளை நோக்கி.

சுவிட்சைத் தட்டினான். படம் போகவில்லை. பிளக்கைப் பிடுங்கினான்.

போகவில்லை.

வாசலில் மருந்துப் பை விழுந்த சத்தம். அப்பா செருப்போடு ஓடிவந்து, பழைய கம்பியைப் பறித்து, ஜன்னலோரம் போய்க் கையைத் தூக்கினார். படம் நடுங்கியது. உடைந்தது. கட்டம் கட்டமாக உறைந்தது.

அம்மா நாற்காலியில் இருந்தாள். மூச்சு இருந்தது.

“நல்லா தெரியணும்னு யாருடா கேட்டது உன்னை?” என்றார் அப்பா. “அணைச்சு வச்சாலும் கொஞ்ச நேரத்துல தானா வந்துடும். நான் நிக்கிறது படம் தெரியறதுக்கில்லடா. தெரியாம இருக்கறதுக்கு.”

அப்பாவின் முழங்கை ஆடியது. கம்பி தாழத் தாழ, திரையில் ஒரு கட்டம் தெளிந்தது. ஒரு விரல். இன்னொரு கட்டம். இன்னொரு விரல்.

“கை போச்சுடா…”

சின்னவன் எழுந்து போனான். கம்பியை வாங்கினான். ஜன்னலோரம், அப்பா நின்று நின்று தேய்ந்த அதே தரையில், கையைத் தலைக்கு மேல் தூக்கி நின்றான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாடியில் மீன்முள் காற்றில் முனகியது. அம்மா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மெல்லச் சிரித்தாள்.

“கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புடா, கண்ணா. எனக்குப் பின்னாடி நிக்கிறவ முகம் சரியா தெரியல.”