கோடை முகாமில் ஒரு குவளைப் பால்

காலை 11.20. இடைவேளை முடிந்து மணி அடித்தும் தெமியானா மேசையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்து ஹாஸிம் தோளைத் தட்டினான். அவள் அப்படியே சரிந்து தரையில் விழுந்தாள். பதினாறு வயதுப் பெண். மின்யா நகரின் கோடை அறிவியல் முகாமில் அவளுக்கு மேல் கெட்டிக்காரப் பிள்ளை கிடையாது.

12.05. போலீஸ் கேப்டன் தௌஃபீக் வருவதற்குள் செய்தி அவரை முந்திக்கொண்டு ஊருக்குள் போய்விட்டது. வாசலில் தெமியானாவின் சித்தப்பாக்கள், அவர்கள் பின்னால் தெருவே திரண்டு நின்றது. "முஸ்லிம் பையன் பாலில் விஷம் வெச்சுட்டானாம்." இந்த வாக்கியம் சாயங்காலம் வரை உயிரோடு இருந்தால் கிறிஸ்தவர் தெரு, முஸ்லிம் தெரு இரண்டும் பற்றி எரியும். பதினைந்து வயது ஹாஸிமின் கதியைச் சொல்லவே வேண்டாம்.

வகுப்பறையில் வினிகர் நெடி. கரும்பலகையில் 'ஆகஸ்ட் 14: பாலிலிருந்து பிளாஸ்டிக்' என்று எழுதியிருந்தது. பிள்ளைகள் பாலைத் திரித்துப் பிழிந்து செய்த நட்சத்திரங்கள் தட்டில் காய்ந்துகொண்டிருந்தன. பிணத்தருகே ஒரு குவளை. அடியில் மிஞ்சிய பாலில் பூச்சிமருந்து வாடை அடித்தது.

வேதியியல் ஆசிரியர் உஸ்தாத் நாகி தன் மேசையில் இருந்தார். எதிரே பாதி கடித்த வெண்பாலாடைக்கட்டி ரொட்டி. மணிக்கட்டில் பச்சை குத்திய சிலுவை; இறந்த பெண்ணின் கையில் இருந்ததும் அதேதான். பின்னால் சுவரில் தண்ணீர் வடிகட்டிக்காக அவர் பரிசு வாங்கும் படம்.

"என்ன பாத்தீங்க?"

"மிச்சப் பாலை ஹாஸிம் ஊத்திக் குடுத்தான். அவ மடக் மடக்குன்னு குடிச்சா. என் கண்ணால பாத்தேன் ஐயா."

"அப்புறம்?"

"பசங்களை முற்றத்துக்கு அனுப்பினேன். தலை வலிக்குதுன்னு இவ மட்டும் உள்ளேயே இருந்துட்டா."

"நீங்க?"

"நானும் இங்கதான் இருந்தேன். பேப்பர் திருத்திக்கிட்டு."

அடுத்த அறையில் ஹாஸிம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"பால் குடுத்தியா?"

"அல்லா மேல ஆணையா இல்ல ஐயா! பாலைக் காய்ச்சி ஊத்துனது நான்தான், குவளையில என் கை பட்டிருக்கும். ஆனா அவளுக்குக் குடிக்கக் குடுக்கல."

"உங்களுக்குள்ள சண்டையா?"

பையன் தலை குனிந்தான். "காலைல பால் சாக்லேட் நீட்டினேன். வேணாம்னு தள்ளிட்டா. என்ன கோவமோ தெரியல." தலையைத் தூக்கினான். "அந்த வடிகட்டி அவ யோசிச்சது ஐயா. உஸ்தாத் தன் பேர்ல போட்டு ஜெர்மனில வேலை வாங்கிட்டாரு. இன்னைக்கு முகாம் டைரக்டர்கிட்டச் சொல்லப்போறதா நேத்து உஸ்தாத்கிட்டயே சொல்லிட்டா."

தௌஃபீக் திரும்பி வந்து தெமியானாவின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். மொச்சை வடை, எள் விழுது, ஆலிவ். அவருடைய கீழ்வீட்டுக் கிறிஸ்தவ அம்மாள் உம் பிஷோய் போன வாரத்திலிருந்து மாடிக்கு அனுப்பும் அதே பண்டம். மற்ற மாதங்களில் அவள் அனுப்புவது பாலாடைக்கட்டிப் பணியாரம். அறை மூலைக் குழாயடியில் தெமியானாவின் செம்பருத்திச் சாற்றுக் குடுவை பளபளவென்று கழுவிக் கிடந்தது. சாப்பாட்டைத் தொடவில்லை, குடுவை மட்டும் கழுவியாயிற்று.

1.10. "உஸ்தாத், இவ பால் குடிச்சதை நல்லாப் பாத்தீங்களா?"

"எத்தனை வாட்டி கேப்பீங்க? பாத்தேன்!"

"இது மாதா நோன்பு. ஏழாம் தேதியிலேர்ந்து உங்க சனம் பால், முட்டை, இறைச்சி எதையும் தொடாது. டப்பாவைப் பாருங்க. சாக்லேட்டுல இருக்கிற பாலையே வேணாம்னு தள்ளின புள்ள, குவளைப் பாலைக் குடிச்சாளா?"

நாகி பாதி கடித்த ரொட்டியைத் தள்ளி வைத்தார்.

"சாறுல விஷம். அவ மயங்கினதும் குடுவையைக் கழுவினீங்க. பையன் கைரேகை இருந்த குவளையில மருந்தைக் கலந்து பக்கத்துல வெச்சீங்க. இடைவேளையில இந்தக் குழாய்கிட்ட இருந்தது நீங்க ஒருத்தர்தான். அவ வாயைத் திறந்தா ஜெர்மனி போச்சு. அதுக்கு ஒரு புள்ளையக் கொன்னு, இன்னொரு புள்ளையத் தூக்குல மாட்டி, ஊரைக் கொளுத்தப் பாத்தியேடா பாவி!"

நாகி தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா போனப்புறம் நான் நோன்பு பிடிக்கிறதே இல்ல," என்றார் மெதுவாக. "மறந்தே போச்சு."

விலங்கிட்ட நாகியை வாசல் வழியாகத்தான் கூட்டிப்போனார்கள். சித்தப்பாக்கள் வழி விட்டார்கள். அவர்கள் நம்பிக் கை குலுக்கும் உஸ்தாத் அவர்.

தௌஃபீக் ஹாஸிமிடம் போனார். "எழுந்திரு. வீட்டுக்குப் போ."

அவன் எழவில்லை. சட்டைப்பையில் அந்தச் சாக்லேட் உருகி வழிந்திருந்தது. "எங்கூடப் பேசாமலே போயிட்டா ஐயா. நான் என்ன தப்பு பண்ணேன்?"

"கோவம் இல்லடா," என்றார் தௌஃபீக். "அவ நோன்பு. இன்னும் எட்டு நாள் போயிருந்தா வாங்கித் தின்னிருப்பா."

அதுவரை அழாத பையன் அப்போதுதான் அழுதான்.