முடிச்சிட்ட இசாலே இலை

அய்காந்தே அம்மாள் முற்றத்தில் காப்பிக்கொட்டை பரப்பிக்கொண்டிருந்தார். வேகவேகமாக வந்து நின்ற சுகுராவின் முகத்தைப் பார்த்ததும் கொட்டையை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார். போலீஸ் இன்ஸ்பெக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும், கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் யாருக்கு என்ன வில்லங்கம் என்றாலும் முதலில் இந்த முற்றத்துக்குத்தான் வருவார்கள்.

"என் தோட்டத்துல ஒருத்தரோட படத்தையே அழிச்சுட்டாங்கம்மா," என்றாள் சுகுரா. "ஸ்டேஷனுக்குப் போனா பேரு நாறிடும். நீங்கதான் வந்து பாக்கணும்."

சுகுரா கடற்கரை ஊரான டாங்காவிலிருந்து வந்தவள். மலையிலுள்ள மச்சாமே ஊருக்கு மேலே தோட்டம் ஒன்றை வாங்கி, ஓவியர்களும் சிற்பிகளும் வந்து தங்கி வேலை செய்ய ஒரு முகாம் நடத்துகிறாள். காலையில் எல்லாரும் மண்வெட்டி பிடிக்க வேண்டும், பிற்பகலில்தான் தூரிகை. அங்கே வந்திருந்த டெரிக் முஷி என்ற டார் எஸ் சலாம் இளைஞன் தூரிகையையே தொடவில்லை. பாத்தி வெட்டி, சிவப்புக் கீரையும் பச்சைக் கீரையுமாக விதைத்து, தன் தாத்தாவின் முகத்தை மண்ணிலேயே முளைக்க வைத்திருந்தான். அதைப் பார்க்க அன்று பிற்பகல் மோஷி நகரத்திலிருந்து ஆட்கள் வரவிருந்தார்கள். விடிந்து பார்த்தால் பாத்தி முழுக்க சேறு.

"வாய்க்காலைத் திறந்து விட்டிருக்காங்க. நடுவுல ஒரு இசாலே இலை. முடிச்சுப் போட்டு, மேல கல்லு வச்சிருக்கு. அப்படின்னா மன்னிப்புக் கேக்கறதுன்னு அர்த்தமாமே?"

"ஆமா. அதைக் கையில வாங்கினவங்க மன்னிச்சே ஆகணும். எவ்வளவு பெரிய பகையா இருந்தாலும் சரி."

"அப்போ செஞ்சது இந்த மலைக்காரங்கதானேம்மா? முகாம்ல அப்படி ரெண்டே பேர்தான். தோட்டக்காரர் அனாயெலி, சமையல் பண்ற அவர் சம்சாரம் தேஷி. தேஷி, மகளோட பிரசவத்துக்கு அருஷா போயிட்டு நேத்துதான் வந்தாங்க. அவங்களுக்கும் டெரிக்குக்கும் பழக்கமே இல்ல. அனாயெலியைக் கேட்டா குனிஞ்ச தலை நிமிரல. மத்தியானத்துக்குள்ள வேற பதில் கிடைக்கலைன்னா அவங்களை அனுப்பித்தான் ஆகணும். அது அவர் நிலமா இருந்ததும்மா, என்கிட்டதான் வித்தார். அங்க இருந்தும் போனா அவருக்கு ஒதுங்க இடம் கிடையாது."

வாசலில் மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்த காட்லிசன் எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டுவிட்டான். வாடகைக்கு வண்டி ஓட்டுபவன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். துப்பறியும் ஆசை மட்டும் பள்ளிக்கூடப் பையனைப் போல அடங்காமல் இருந்தது.

"ஏறுங்கம்மா! கேஸ் முடிஞ்சாச்சு. மடியில கனம் இல்லைன்னா அந்தாளு ஏன் தலையைத் தொங்கப் போடறாரு?"

"நீ வண்டியை ஓட்டு. தீர்ப்பை அப்புறம் சொல்லலாம்."

பாத்தி வாழைகளுக்கு நடுவில், வெயில் நன்றாக விழும் ஒரு மூலையில் இருந்தது. முகம் இருந்த சுவடே இல்லை. நடுவில் கல்லுக்கு அடியில் நீளமான இலை முடிச்சோடு கிடந்தது. நான்கு மூலைகளிலும் நான்கு பச்சைக் குச்சிகள் நடப்பட்டிருந்தன.

"கயிறு கட்டறதுக்கு நட்டிருப்பாங்க," என்றான் காட்லிசன்.

அய்காந்தே அம்மாள் ஒன்றைப் பிடுங்கினார். வெளியே தெரிந்த முனை கட்டைவிரல் பருமன். சேற்றுக்குள் இருந்த முனை சுண்டுவிரல் அளவுக்கு மெலிந்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு அதே குழியில் செருகினார். அங்கிருந்து நேராக எருக்குழிக்குப் போய்க் கோலால் கிளறினார். அடியில் வேரோடு பிடுங்கப்பட்ட இசாலேச் செடிகள் காய்ந்து கிடந்தன.

டெரிக் தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். "விடுங்கம்மா. போனது போகட்டும். யாரையும் விசாரிக்க வேணாம்," என்றான்.

"எவ்வளவு பெரிய மனசு பாருங்க!" என்று உருகினாள் சுகுரா.

"அந்த இடத்தை யாரு தம்பி காட்டினா?" என்று கேட்டார் அய்காந்தே அம்மாள்.

"நானாத்தான் எடுத்துக்கிட்டேன். புதர் மண்டிக் கிடந்துது. பிடுங்கிப் போட்டேன்."

அனாயெலி கொட்டகையில் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பளபளத்த மண்வெட்டி அது. "நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லக்கா. அனுப்பிடச் சொல்லுங்க, போயிடறேன்," என்றார். சொல்லும்போதே அவர் பார்வை சமையலறைப் பக்கம் ஒருமுறை போய்த் திரும்பியது.

சமையலறையில் தேஷி வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள்.

"நேத்து அந்த மூலைப் பக்கம் போனியா தேஷி?"

கத்தி நின்றது. "போனேன். அந்தப் பையன் பார்த்துட்டு, 'அக்கா, என் படத்தைப் பாருங்க'ன்னு கூப்பிட்டான். பார்த்தேன்."

"என்ன சொன்னே?"

"'இங்க இருந்த இசாலே எங்கே'ன்னு கேட்டேன். அவ்வளவுதான்." கத்தி மறுபடி ஓடத் தொடங்கியது.

உச்சிப்பொழுதுக்கு முன்னால் எல்லாரும் பாத்தியைச் சுற்றி நின்றார்கள். தேஷி மட்டும் ஈரக் கையோடு கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"காட்லிசா, நீ என் வேலியை இடிச்சுட்டு மன்னிப்புக் கேக்கணும்னு வச்சுக்கோ. இலையை எங்கே கொண்டு வருவே?" என்று கேட்டார் அய்காந்தே அம்மாள்.

"உங்க கையிலதான்மா குடுப்பேன். நேர்ல வர மூஞ்சி இல்லைன்னா உங்க வாசல்ல வைப்பேன்."

"டெரிக்கோட அறை அதோ இருக்கு. இலை அங்கே போகல. சேத்துக்கு நடுவுல, மண்ணு மேல இருக்கு. அப்போ மன்னிப்புக் கேட்டது யாருகிட்ட?"

"மண்ணுகிட்டயா?" என்று சிரிக்கப் போனவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான். "அம்மா... கீழ யாரோ இருக்காங்களா?"

மலைக்காரர்கள் இறந்தவர்களை அவரவர் வாழைத் தோட்டத்திலேயே புதைத்துச் சுற்றிலும் இசாலே நடுவார்கள். சுகுரா ஓரடி பின்வாங்கினாள். "என்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே!" என்றாள்.

"சொல்லல. அது அப்புறம். இந்த நாலு குச்சியும் இசாலேதான். கல்லறையில பிடுங்கினதுக்குப் பதிலா யாரோ திரும்ப நட்டிருக்காங்க, அதுவும் தலைகீழா. மேல போக வேண்டிய முனை மண்ணுக்குள்ள இருக்கு. அனாயெலியும் தேஷியும் கண்ணைக் கட்டி விட்டாலும் இப்படி நட மாட்டாங்க. நட்டவருக்கு இலையோட அர்த்தம் தெரிஞ்சிருக்கு. குச்சிக்கு எது தலை, எது காலுன்னு தெரியல. மலைக்காரர் ரெண்டே பேர்னு சொன்னியே சுகுரா, முஷிங்கறது எந்த ஊர்ப் பேரு? எங்க மலைப் பேருதான். இன்னொண்ணும் கவனி. உழைப்பெல்லாம் போனவன் குதிக்கணும். இந்தத் தம்பி விசாரணையே வேணாங்கறான்."

டெரிக் மறுக்கவில்லை. சேற்றைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அப்பா இலையைப் பத்திக் கதை கதையா சொல்லியிருக்காரு. செடி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. தேஷி அக்கா 'இசாலே எங்கே'ன்னு கேட்டதும் அப்பாவுக்குப் போன் பண்ணினேன். 'தோட்டத்து நடுவுல அது சும்மா முளைக்காதுடா, நீ எங்கடா கை வச்சே'ன்னாரு. எனக்கு உடம்பே கூசிப் போச்சு. எங்க தாத்தா மண்ணு, எங்க தாத்தா மண்ணுன்னு சிநேகிதங்ககிட்டயெல்லாம் பீத்திக்கிட்டேன். யாரோ ஒருத்தர் நெஞ்சு மேல தாத்தா மூஞ்சியை வளத்து வச்சிருக்கேன். அதுக்கு எல்லாரும் வந்து கைதட்டறதை நினைச்சுப் பார்க்கவே முடியல. என் கையாலேயே தண்ணியைத் திறந்து விட்டேன். வேலியில இருந்த அதே செடியை ஒடிச்சு நட்டு, இலையை முடிச்சுப் போட்டு வச்சேன்."

"அது வெட்கத்துல செஞ்சது. காலையில அனாயெலி மேல பழி விழுந்தப்போ ஏன் சொல்லல?"

"வாய் வரைக்கும் வந்துச்சும்மா. எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அதை நினைச்சாத்தான் செத்துடலாம் போல இருக்கு."

அய்காந்தே அம்மாள் அனாயெலி பக்கம் திரும்பினார். அடுத்த கேள்வியைக் கேட்க அவருக்கே பிடிக்கவில்லை. "இவன் பிடுங்கினப்போ நீங்க எங்கே இருந்தீங்க?"

"இங்கேதான். தள்ளுவண்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்." அனாயெலி எருக்குழிப் பக்கம் கையைக் காட்டினார். "அதை எருக்குழிக்குத் தள்ளிக்கிட்டுப் போனதும் நான்தான்."

"ஏன் தடுக்கல?"

"விக்கும்போது, இந்த மூலையை மட்டும் விக்கலைன்னு தேஷிகிட்ட சொன்னேன். பொய். மொத்தமாக் கேட்டாங்க, மொத்தமாக் குடுத்துட்டேன். வாயைத் திறந்தா அது வெளிய வந்துடும். இங்க கீழ இருக்கறது என் மூத்த பொண்ணுக்கா. பேச்சு வர்றதுக்கு முன்னாடியே காய்ச்சல் கொண்டு போயிடுச்சு. இன்னைக்குக் காலையில சேத்தைப் பார்த்ததும், கோவத்துல தேஷிதான் திறந்து விட்டாள்னு நினைச்சேன். அவளைக் காட்டிக் குடுக்க வேணாம்னு வாயை மூடிக்கிட்டேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

சுகுரா புடவையைப் போலச் சுற்றியிருந்த கங்காத் துணியின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டாள். "நான் உங்களைத் துரத்தப் பார்த்தேனே அண்ணா," என்றாள். அவர் காதில் அது விழுந்ததா தெரியவில்லை. காட்லிசன் தொப்பியைக் கசக்கிக்கொண்டே நின்றான். காலையில் அம்மாளின் வாசலில் தான் வாய்த்துடுக்காகச் சொன்னது இப்போது அவனைக் குத்தியது.

டெரிக் சேற்றில் இறங்கிக் கல்லை நகர்த்தி இலையை எடுத்தான். சட்டையில் அதைத் துடைத்து, இரண்டு கையாலும் அனாயெலியிடம் நீட்டினான். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எனக்கு அதை வாங்க யோக்கியதை இல்லப்பா. அவகிட்ட குடு."

டெரிக் தேஷியின் முன் முழங்காலிட்டான். அவள் முடிச்சை நெடுநேரம் பார்த்தாள். பிறகு இலையை வலது கையில் வாங்கிக்கொண்டாள். "எந்திரி. நாளைக்குக் குச்சியை எப்படி நடறதுன்னு காட்டறேன்," என்றாள்.

அத்தோடு அவள் சமையலறைக்குத் திரும்புவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் போகவில்லை. புருஷனுக்கு நேரே வந்து நின்று இடது கையை விரித்தாள்.

"இது இந்தப் பையனோடது," என்றாள். "உங்களோடது எங்கே?"

அனாயெலி வேலியை நோக்கி நடந்தார். வேலி முழுக்க இசாலேதான். அங்கே போய் நின்றவர் ஒரு இலையைப் பிடித்தார், விட்டார், இன்னொன்றைப் பிடித்தார்; எதையும் ஒடிக்க வரவில்லை. உதவப் போன காட்லிசனின் சட்டையை அய்காந்தே அம்மாள் பிடித்து நிறுத்தினார்.

"நீ போகாதே. அவரே ஒடிக்கட்டும்."

தேஷி விரித்த கையை மடக்காமல் காத்திருந்தாள்.