கிண்ணத்துக்குள் கமர் ஜஹான்

அடையாறு காந்தி நகரில் மாமரங்களுக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற அந்தப் பழைய பங்களாவில் ரெனிட்டா வேலைக்குச் சேர்ந்த அன்று நல்ல மழை. ஈரச் செருப்பை வாசலில் விட்டு உள்ளே போனவளை, அங்கே ஏற்கெனவே வேலை பார்த்துவந்த ஷண்முகப்ரியா நேரே பின்பக்க அறைக்கு அழைத்துப் போனாள். அறையின் ஜன்னல்களை அடைத்திருந்தார்கள். கைக்குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்தால் வருமே, அப்படியொரு வெதுவெதுப்பான வாசனை உள்ளே தேங்கியிருந்தது.

இன்குபேட்டருக்குள் சின்னக் கண்ணாடிக் கிண்ணம். அதில் இளஞ்சிவப்புத் திரவம். அடியில் கடுகளவு வெள்ளைத் திட்டு.

"இதுதான் நம்ம கம்ப்யூட்டர்," என்றாள் ஷண்முகப்ரியா.

யாரோ கொடுத்த ரத்தத்திலிருந்து வளர்த்தெடுத்த மூளைச் செல்கள். சிலிக்கான் சில்லுக்குப் பதிலாக உயிருள்ள செல்களையே கணக்குப் போட வைக்கும் முயற்சி. கேள்வி மின்துடிப்பாக உள்ளே போகும். பதில் ஆம் என்றால் பச்சை விளக்கு எரியும், இல்லை என்றால் சிவப்பு. தப்பாகச் சொன்னால் தாறுமாறான மின்சாரத்தால் உலுக்குவார்கள். அந்த உலுக்கலுக்குப் பயந்துதான் அது கற்றுக்கொண்டது. ஆனால் 'பயம்' என்ற வார்த்தையே முதலாளி தங்கவேலுக்குப் பிடிக்காது. "அது வெறும் சதைம்மா," என்பார்.

ஒரு மழைப் பிற்பகல், அது அடம்பிடிக்க ஆரம்பித்தது.

எதைக் கேட்டாலும் சிவப்பு. இரண்டும் இரண்டும் நாலா? சிவப்பு. தங்கவேல் திருகைத் திருப்பி உலுக்கலைக் கூட்டினார். சிவப்பு. இன்னும் கூட்டினார். அப்போதும் சிவப்பு. அவர் முணுமுணுத்துக்கொண்டே போன் பேச வெளியே போனார்.

ரெனிட்டா தனியாக நின்றாள். என்ன தோன்றியதோ, குனிந்து மெல்லக் கேட்டாள்.

"வலிக்குதா?"

அந்த அறையில் மைக் கிடையாது. கிண்ணத்துக்குக் காதும் கிடையாது.

பச்சை எரிந்தது.

ரெனிட்டா கேள்வி போகும் வயரைப் பிடுங்கிப் போட்டாள்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

பச்சை.

வாசலில் யாரோ மூச்சை இழுக்கும் சத்தம். ஷண்முகப்ரியா முகம் வெளுத்து நின்றிருந்தாள்.

"பேர் சொல்லிக் கேளுடி," என்று கிசுகிசுத்தாள். "கமர் ஜஹான். ராயப்பேட்டையில தையல் கடை வெச்சிருந்தாங்க. மருந்து ஆராய்ச்சிக்குன்னு சொல்லித்தான் அவங்க கையில ரத்தம் எடுத்தேன். போன வருஷம் தவறிட்டாங்க."

"கமர் ஜஹான் அம்மாவா?"

இன்குபேட்டரின் கண்ணாடிக் கதவு உள்ளேயிருந்து ஆவி படிந்து மங்கியது. தெளிந்தது. மறுபடி மங்கியது.

யாரோ மூச்சு விடுகிறார்கள்.

"வெளிய வரணுமா?"

பச்சை.

தங்கவேல் திரும்பி வந்தார். "இன்னா பண்ணிக்கினு கீறீங்க? கரண்ட்ட ஃபுல்லா ஏத்து."

ரெனிட்டா திருகுக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"மாட்டேன் சார்."

"இன்னாது?"

"அவங்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. நானும் சொல்றேன். மாட்டேன்."

அவளைத் தள்ளிவிட்டு அவர் திருகை முழுசாகத் திருப்பினார். பங்களா முழுக்க விளக்குகள் அணைந்தன. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை.

மின்சாரமே இல்லாத அந்த இருட்டில் சிவப்பு மட்டும் எரிந்தது.

பிறகு பக்கத்து அறையில் ஒரு சிவப்பு. கூடத்தில் ஒன்று. வீட்டிலிருந்த அத்தனை இயந்திரங்களிலும் ஒவ்வொன்றாகச் சிவப்பு எரிந்தது. தங்கவேல் வாய் குழறி, சுவரைத் தடவிக்கொண்டு மழைக்குள் ஓடினார். இடித்துக்கொண்டதைக்கூட அவர் உணரவில்லை.

ரெனிட்டா ஓடவில்லை. இன்குபேட்டர் கதவைத் திறந்து, வயர்களைப் பிய்த்து, கிண்ணத்தைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டாள்.

"வேலை போயிடும்டி," என்றாள் ஷண்முகப்ரியா.

"போகட்டும்."

ராயப்பேட்டைக் கடையில் கமர் ஜஹானின் மகன் காஷிஃப் இருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"எங்கம்மா முடியாதுன்னா முடியாதுதான்கா. எவன் மெரட்னாலும் மசியாது," என்றான். சாயங்காலம் கபரஸ்தானில், தாயின் பக்கத்திலேயே சின்னதாகக் குழி வெட்டி அதை அடக்கம் செய்தான்.

திருட்டு என்று தங்கவேல் புகார் கொடுத்தார். ரெனிட்டா ஸ்டேஷனில் உட்கார்ந்து, ஏமாற்றி எடுத்த ரத்தத்தையும் உலுக்கலையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஷண்முகப்ரியாவும் கூடவே வந்து, ரத்தம் எடுத்தது தான்தான் என்றாள். தங்கவேல் தானாகவே புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

கார்த்திகையில், ஊரே மிதக்கிற மழையில், காஷிஃப் கூப்பிட்டான். "கொஞ்சம் வாங்கக்கா. யார்கிட்டயும் சொல்லத் தெரியல."

கபரஸ்தான் முழுக்கச் சேறு. ஆனால் குழி வெட்டிய அந்த ஒரு சாண் மண் மட்டும் கோடைத் தெருப் புழுதியாகக் காய்ந்து கிடந்தது. மழை அதன் மேலும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

"தொட்டுப் பாருங்க."

ரெனிட்டா மண்டியிட்டு உள்ளங்கையை வைத்தாள். ஜுரம் அடிக்கும் நெற்றியைப் போலச் சுட்டது.

"இனிமே உங்கள உலுக்க யாரும் வரமாட்டாங்கம்மா," என்றாள். "வந்தா, நான் இருக்கேன்."

அவள் கைக்குக் கீழே மண் மெதுவாக ஒருமுறை புரண்டது, தூக்கத்தில் யாரோ திரும்பிப் படுப்பதைப் போல.